பழைய கேசட்டா, ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜா, எமுலேட்டரா: எதற்கு எது சரிப்படும்

1999-இல் ஜப்பானில் வெளிவந்த போகிமான் கோல்ட் கேசட்டை இன்று வாங்கிப் போட்டால் விளையாட்டு நன்றாகவே ஓடும். படம், இசை எதிலும் குறை தெரியாது. ஆனால் சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டால் சேவ் இருக்காது. உள்ளே பற்றவைத்திருக்கும் சிஆர்2025 பேட்டரி தீர்ந்திருக்கும். விளையாட்டு பதிந்திருக்கும் மாஸ்க் ரோம் சிப்புக்கு மின்சாரம் தேவையில்லை. அது பல பத்தாண்டுகள் தாங்கும். சேவ் பதிகிற எஸ்ரேம் சிப்புக்கோ கேசட் அலமாரியில் சும்மா கிடக்கும்போதும் மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அசல் கேசட் சேர்ப்பதா, ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் (எஸ்டி கார்டில் உள்ள விளையாட்டு ஃபைல்களை அசல் கன்சோலில் ஓட்டும் கேசட்) போதுமா, எமுலேட்டரே (கன்சோலைப் போல நடிக்கும் கணினி மென்பொருள்) போதுமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: எந்தப் பாகம் எப்போது கெடும் என்று பாருங்கள். ரோம் சிப் கடைசியில்தான் போகும். பேட்டரி, கெப்பாசிட்டர், லேசர், டிஸ்க் எல்லாம் அதற்கு வெகு முன்பே போய்விடும். அதனால் கன்சோலையும் கன்ட்ரோலரையும் அசலாக வாங்குங்கள். திரும்பத் திரும்ப விளையாடும் சில தலைப்புகளை மட்டும் கேசட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு ஒரு தரமான ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போதும். டிஸ்க் கன்சோல்களுக்கு எமுலேட்டரை முதல் வழியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதுதான் எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

பேட்டரி மாற்றுவது

எந்தக் கேசட்டில் எந்தப் பேட்டரி என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சூப்பர் நின்டெண்டோவிலும், எஸ்ரேம் வைத்த நின்டெண்டோ 64 கேசட்டுகளிலும் பெரும்பாலும் சிஆர்2032. போகிமான் கோல்ட், சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் சிஆர்2025. இந்த மூன்றில் சேவோடு சேர்த்துக் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால், மற்ற கேம் பாய் கேசட்டுகளை விடச் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

கேம் பாய் அட்வான்ஸின் ரூபி, சஃபையர், எமரால்டு கேசட்டுகளில் கதை வேறு. அங்கே சேவ் ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. சிஆர்1616 பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தால் பதற வேண்டாம், சேவ் எங்கும் போகாது. பெர்ரிச் செடி வளர்வது போல நேரத்தை நம்பிய நிகழ்வுகள் மட்டும் நின்றுபோகும்.

பேட்டரியைக் கழற்றிய நொடியில் எஸ்ரேமில் உள்ள சேவ் அழிந்துவிடும். ஆகவே முதல் வேலை, சேவை வெளியே எடுத்து வைப்பது. கேம் பாய் வகைகளுக்கு ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ கருவியும் ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் மென்பொருளும், அல்லது எபிலாக் நிறுவனத்தின் ஜிபி ஆப்பரேட்டரும் போதும். பல கன்சோல்களுக்கும் சேர்த்து ஒரே கருவி வேண்டுமென்றால், ஆர்டுயினோ மெகா 2560-ஐ வைத்துச் செய்யும் சன்னியின் திறந்தமூலக் கார்ட்ரிட்ஜ் ரீடர் இருக்கிறது. முதலில் பின்களைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு ரோமையும் (விளையாட்டின் நகல் ஃபைல்) சேவையும் இரண்டு முறை படித்து, இரண்டு தடவையும் வந்த ஃபைல்களின் ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் பின் சரியாகத் தொடவில்லை என்று பொருள். மறுபடி துடைத்துப் படியுங்கள். ஹாஷ் ஒத்துப்போகும் வரை பேட்டரிமேல் கை வைக்கக் கூடாது.

கேசட்டைத் திறக்க 3.8 மிமீ கேம்பிட் என்ற தனிவகைத் திருப்புளி வேண்டும். கேம் பாய் அட்வான்ஸ் கேசட்டுக்கு மூன்று இதழ் கொண்ட டிரை-விங் திருப்புளி. கன்சோலைத் திறக்கப் பெரும்பாலும் 4.5 மிமீ கேம்பிட். திறந்ததும் மல்டிமீட்டரில் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 3 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் இப்போதைக்கு விட்டுவிடலாம். லித்தியம் பேட்டரி கடைசிவரை ஒரே அளவில் நின்று திடீரென்று சரியும் வகை, அதனால் 2.7-க்குக் கீழே வந்துவிட்டால் தள்ளிப்போட வேண்டாம்.

வாங்கும்போதே உலோகக் காது பற்றவைத்த பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பேட்டரியின் மேலேயே சால்டரிங் அயர்னை வைப்பது ஆபத்து, சூடேறி வெடிக்கக்கூடும். பழைய காதை டேப் ஒட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. ஓரிரு மாதம் ஓடும். ஒரு தடவை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுச் சேவ் போய்விடும். அயர்னை 350 டிகிரி அளவில் வைத்து, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயமும் ஃபிளக்ஸும் சேர்த்து உருக்கினால் காது தானாக விலகி வரும். வலுக்கட்டாயமாகப் பிடுங்கினால் பலகையின் செப்புத் தடம் கூடவே உரிந்துவிடும்; அதைச் சரிசெய்வது பெரிய வேலை. புதியதைப் பற்றவைக்கும் முன் பலகையில் அச்சிட்டிருக்கும் கூட்டல், கழித்தல் குறிகளைப் பாருங்கள். 2025 இருந்த இடத்தில் 2032-ஐத் திணிக்க வேண்டாம். அது 3.2 மிமீ தடிமன், 2025-ஓ 2.5 மிமீதான், கேசட் ஓடு சரியாக மூடாமல் உப்பி நிற்கும். எல்லாம் முடிந்ததும் எடுத்து வைத்த சேவைத் திரும்ப எழுதி, கடிகாரத்தைச் சரிசெய்து, ஒரு நாள் விட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

சுத்தம் செய்வது

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சுக் குச்சியால், பின்கள் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். கேசட்டுக்குள் வாயால் ஊதுவதை நிறுத்திவிடுங்கள். மூச்சின் ஈரம் பின்களை அரிக்கும். ஊதியதும் ஓடுகிறதே என்றால், கழற்றி மறுபடி செருகியதில் தொடர்பு சரியானதுதான் காரணம். பாலிஷ் பசை, மெலமைன் பஞ்சு போன்றவை தங்கப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிவிடும். ஆல்கஹாலுக்கு மசியாத பச்சைப் படிவுக்கு மட்டும், வெள்ளைப் பென்சில் அழிப்பானை லேசாக ஒரு தடவை.

முதல் நின்டெண்டோவின் சிவப்பு விளக்கு நொடிக்கு ஒரு முறை அணைந்து அணைந்து எரிகிறதென்றால், கேசட்டில் இருக்கும் பூட்டுச் சிப்பும் கன்சோலில் இருக்கும் பூட்டுச் சிப்பும் பேசிக்கொள்ள முடியவில்லை என்று அர்த்தம். தொடர்பு கெட்டதால் கன்சோல் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்கிறது. முதலில் கேசட்டைத் துடையுங்கள், பிறகு 72 பின் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மலிவான புதுக் கனெக்டர்கள் கேசட்டைக் கவ்விப் பிடித்து விடவே விடாது. பழையதைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

கன்சோல்களில் கெப்பாசிட்டர்தான் முதல் சந்தேகம். கேம் கியரில் ஒலி குறைந்தாலும் திரை மங்கினாலும் கெப்பாசிட்டர்கள் கசிந்திருக்கும். முதல் எக்ஸ்பாக்ஸில், 1.6 பதிப்பைத் தவிர மற்றவற்றில், கடிகாரக் கெப்பாசிட்டர் கசிந்து பலகையை அரிக்கும். கசிந்தாலும் கசியாவிட்டாலும் கழற்றிவிடுங்கள். நேரம் மட்டும்தான் நினைவில் நிற்காது, மற்றபடி கன்சோல் ஓடும்.

போலியைக் கண்டுபிடிப்பது

அசல் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் போலிகளை எதிர்கொண்டே ஆக வேண்டும். மிக அதிகமாகப் போலி வருவது கேம் பாய் அட்வான்ஸ், டிஎஸ் போகிமான் கேசட்டுகளில். அட்வான்ஸ் கேசட்டைக் கையில் எடுத்து லேபிளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு இலக்கமும் சில சமயம் ஓர் எழுத்தும் அழுத்திப் பதித்த தடம் இருக்கும். அடுத்து, கீழ்ப்பக்கத் திறப்பில் பின்களுக்குச் சற்று மேலே பலகையில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கும். மலிவுப் போலிகளில் இவை இரண்டும் இருப்பது அரிது. பின்புற எழுத்துகளின் வடிவம், ஓட்டின் நிறம் இரண்டையும் அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேசட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஹார்ட்கோல்ட், சோல்சில்வர் டிஎஸ் கேசட்டுகளின் ஓடு அகச்சிவப்புக் கதிர் கடந்து போகும் பிளாஸ்டிக். பலமான வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கருஞ்சிவப்பாகத் தெரியும். தெரியாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் திறந்து பார்ப்பதுதான் வழி. சிப் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு எப்பாக்சித் துளி இருந்தால், அட்வான்ஸ் கேசட்டைப் பொறுத்தவரை அது போலி. இந்த அளவுகோலை ஃபேமிகாமுக்கு (முதல் நின்டெண்டோவின் ஜப்பானியப் பதிப்பு) போடக் கூடாது. அங்கே அசல் கேசட்டுகளிலேயே இந்தத் துளி உண்டு. இணையத்தில் வாங்குவதாக இருந்தால் பலகையின் படத்தைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

போலி ஓடினால் போதாதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதில் இரண்டு கெடுதல் உண்டு. பல போலிகளில் சேவ் நம்பகமாகப் பதியாது. முப்பது மணி நேரம் விளையாடிய பிறகு தெரியவரும். இரண்டாவது, கன்சோலுக்கே ஆபத்து. நின்டெண்டோ, சூப்பர் நின்டெண்டோ, பழைய கேம் பாய் மூன்றும் 5 வோல்ட்டில் ஓடுபவை. போலி கேசட் செய்பவர்கள் 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை, இடையில் வோல்ட் மாற்றும் சிப் எதுவும் வைக்காமல், நேரே இணைத்துவிடுகிறார்கள். ஃபிளாஷ் சிப்பும் கன்சோல் சிப்பும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூடுதல் சுமையில் ஓடும். இன்னொன்று பலகையின் தடிமன்: சூப்பர் நின்டெண்டோ அசல் பலகை 1.2 மிமீ, விளிம்பைச் சரிவாகச் சீவாத 1.6 மிமீ பலகையைத் திரும்பத் திரும்பச் செருகினால் கன்சோலின் பின்கள் விரிந்துவிடும். அப்புறம் அசல் கேசட்டே சரியாகத் தொடாது.

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்

மேலே சொன்ன இரண்டு கெடுதலும் மலிவு ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் நகல்களிலும் உண்டு. அதனால் இதில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். கிரிக்ஸின் எவர்டிரைவ் வரிசை, சூப்பர் நின்டெண்டோவுக்கு எஃப்எக்ஸ்பேக் ப்ரோ, கேம் பாய் அட்வான்ஸுக்கு ஈஸி ஃபிளாஷ் ஒமேகா என்று நம்பத்தகுந்தவை இருக்கின்றன.

எந்த மாடல் என்பதை விளையாட்டுகளைப் பார்த்துத் தீர்மானியுங்கள். சூப்பர் நின்டெண்டோவில் சில கேசட்டுகளுக்குள்ளேயே கூடுதல் செயலி இருந்தது. 1993-இன் ஸ்டார் ஃபாக்ஸில் சூப்பர் எஃப்எக்ஸ், 1996-இன் சூப்பர் மரியோ ஆர்பிஜியில் எஸ்ஏ-1. எஃப்எக்ஸ்பேக் ப்ரோ தன் எஃப்பிஜிஏ (வேறு சிப்பைப் போல மாற்றி அமைக்கக்கூடிய) சிப்பால் இவற்றை உருவாக்கிக்கொள்ளும். விலை குறைந்த மாடல்களில் இந்த விளையாட்டுகள் ஓடவே ஓடாது. கேம் பாய் எவர்டிரைவில் நிகழ்நேரக் கடிகாரம் எக்ஸ்7 மாடலில்தான் இருக்கிறது. போகிமான் கோல்டு விளையாடுபவருக்கு அது முக்கியம். டெட்ரிஸ் விளையாடுபவருக்குத் தேவையே இல்லை.

எஸ்டி கார்டைப் பயன்படுத்தும் முன் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இவை கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து, போலிக் கொள்ளளவைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் எஃப்ஏடி32 வடிவத்தை மட்டுமே படிக்கும். 64 ஜிபி கார்டு எக்ஸ்ஃபேட்டில் வருவதால் அப்படியே போட்டால் மெனுவே திறக்காது. பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எஃப்ஏடி32-க்கு மாற்றி, உற்பத்தியாளரின் சிஸ்டம் ஃபோல்டரை மேல்நிலையில் போட்டுப் பாருங்கள்.

சில ரோம்கள் மட்டும் ஓடாவிட்டால் ஃபைலில் கோளாறு இருக்கலாம். நின்டெண்டோ ரோமின் தலையில் 16 பைட் ஐநெஸ் தகவல் இருக்கும்; அதில் மேப்பர் எண் (கேசட் பலகையின் வகையைக் குறிப்பது) தவறாக இருந்தால் திரை கறுப்பாகவோ குப்பையாகவோ வரும். பழைய சூப்பர் நின்டெண்டோ ஃபைல்களில் நகல் கருவிகள் ஒட்டிவைத்த 512 பைட் கூடுதலாக இருக்கலாம். நின்டெண்டோ 64-க்கு மூன்று பைட் வரிசைகள் உண்டு. இசட்64 வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. ஃபைல் சரிதானா என்பதை சரியான கேசட் நகல்களைப் பட்டியலிடும் நோ-இன்ட்ரோவின் ஹாஷோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

சேவ் தொலைவது அதிகம் நடப்பது இங்கேதான். சில மாடல்களில் விளையாடி முடித்ததும் ரீசெட் அழுத்தி மெனுவுக்கு வந்தால்தான் சேவ் எஸ்டி கார்டில் எழுதப்படும். நேராகக் கன்சோலை அணைத்தால் சேவ் போய்விடும். உங்கள் மாடல் எந்த வகை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு விளையாட்டில் பத்து நிமிடம் விளையாடி, சேவ் செய்து, அணைத்து, திரும்பப் போட்டுச் சோதித்த பிறகே நீண்ட விளையாட்டில் இறங்குங்கள்.

எமுலேட்டர்

எமுலேட்டரில் விளையாடினால் கை தாமதமாக வேலை செய்வது போல இருக்கிறது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. பாதிக் காரணம் தொலைக்காட்சி. கேம் மோடைப் போட்டு, படத்தை மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். மீதியை, பல கன்சோல்களுக்கான எமுலேட்டர்களை ஒன்றாக இயக்கும் ரெட்ரோஆர்க் நிரலின் ரன்-அஹெட் (சில ஃபிரேம்களை முன்கூட்டியே ஓட்டிக் காட்டும்) வசதி பெருமளவு சரிசெய்யும். எத்தனை ஃபிரேம் வைப்பது என்பதை அளந்துதான் வைக்க வேண்டும். விளையாட்டில் நாயகன் சும்மா நிற்கும்போது பி (P) விசையால் இடைநிறுத்துங்கள். குதிக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே, கே (K) விசையை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள்; ஒரு தட்டுக்கு ஒரு ஃபிரேம் நகரும். மூன்றாவது தட்டில் குதித்தால் விளையாட்டின் சொந்தத் தாமதம் இரண்டு ஃபிரேம். ரன்-அஹெட்டையும் இரண்டுக்கு மேல் வைக்காதீர்கள். கூடினால் அசைவின் முதல் படங்கள் விழுங்கப்பட்டு, துள்ளித் துள்ளி ஓடும். இந்த அளவு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

படத்தை முழு எண் மடங்கில் பெரிதாக்கினால் பிக்சல்கள் ஒரே அளவில் இருக்கும். கேம் பாய் அட்வான்ஸின் 240×160-ஐ நான்கு மடங்காக்கினால் 960×640. திரையை நிரப்ப வேண்டும் என்று 4.5 மடங்கு வைத்தால், பக்கவாட்டில் நகரும்போது படம் நெளியும்.

ஸ்டேட் சேவை (அந்த நொடியின் நிலையை எமுலேட்டரே அப்படியே பதிந்து வைப்பது) மட்டும் நம்பியிருப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. எமுலேட்டரின் பதிப்பு மாறினால் பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம். அதைவிட மோசம்: ஒரு பழைய ஸ்டேட்டைத் திறந்தால், அதற்குள் இருக்கும் பழைய எஸ்ரேம் நகல் உங்கள் புதிய சேவின் மேல் எழுதிவிடும். ரெட்ரோஆர்க்கில் ஸ்டேட் திறக்கும்போது சேவ் ரேமை மேலெழுதாதே என்ற அமைப்பு இருக்கிறது, போட்டுவிடுங்கள். சேவ் ரேம் தானாக எழுதப்படும் இடைவெளியைப் பத்து நொடியாக வையுங்கள். இல்லாவிட்டால் நிரலை மூடும்போதுதான் எழுதும், நடுவில் முடங்கினால் அன்றைய விளையாட்டு முழுக்க வீண்.

ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் சேவையும் எமுலேட்டர் சேவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். பெரும்பாலும் ஃபைல் பெயரையும் பின்னொட்டையும் மாற்றினாலே போதும். ஏற்காவிட்டால் அளவைப் பாருங்கள். 32,768 பைட் இருக்க வேண்டிய ஃபைலில் சில பைட்டுகள் கூடுதலாக இருந்தால், அது எமுலேட்டர் கடைசியில் ஒட்டிய கடிகாரத் தகவல்.

லைட் கன் விளையாட்டுகளுக்கு மட்டும் பழைய குழல் தொலைக்காட்சியும் அசல் கன்சோலும் தேவை. நின்டெண்டோ ஸாப்பர் எல்சிடி திரையைப் பார்த்து வேலை செய்யாது.

சட்டத்தைப் பொறுத்தவரை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000-இல் வந்த தீர்ப்பு, எமுலேட்டர் உருவாக்குபவர்களுக்குச் சாதகமானது. மறுபுறம், 2024-இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கான யூசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு திட்டத்தையே மூடினார்கள். சொந்தக் கேசட்டிலிருந்து நீங்களே ரோம் எடுப்பதற்கும், யாரோ போட்டதைப் பதிவிறக்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் ரீடரில் போடும் பணம் இந்த வகையிலும் வீணாகாது. அதே நேரம், 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கிட்டது. கடைகளே விற்காதபோது, மக்கள் எடுத்து வைத்திருக்கும் நகல்கள்தான் அவற்றில் பலவற்றைக் காப்பாற்றி வருகின்றன. இதை நாங்கள் மனதார நம்புகிறோம்.

டிஸ்க் கன்சோல்கள்

பிளேஸ்டேஷன், சேட்டர்ன், டிரீம்காஸ்ட் மூன்றிலும் லேசரும் டிஸ்கும் சேர்ந்தே மூப்படைகின்றன. டிஸ்க் வாங்கும்போது விளையாடும் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். சிடியில் ஒளியைத் திருப்பும் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. விளையாடும் பக்கத்துக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். லேபிள் பக்கத்துக் கீறல் தரவையே பிய்த்துவிடும், அதற்கு மருந்து இல்லை. விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை போல வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள்.

இருக்கும் டிஸ்குகளை இப்போதே ஃபைலாக எடுத்து வையுங்கள். பிளேஸ்டேஷன், சேட்டர்ன் டிஸ்குகளை ஐஎஸ்ஓவாக எடுக்கக் கூடாது; பல டிஸ்குகளில் இசை தனி ஆடியோ டிராக்காக இருப்பதால் அது விடுபட்டுப்போகும். பின்-கியூ (BIN/CUE) ஃபைல் ஜோடியாக எடுத்து, சரியான டிஸ்க் நகல்களின் ஹாஷ் இருக்கும் ரீடம்ப் பட்டியலோடு ஒப்பிட்டு, பிறகு சிஎச்டிமேன் கருவியால் சிஎச்டி (CHD) ஃபைலாகச் சுருக்குங்கள். தரவு இழப்பில்லாமல் இடமும் மிச்சமாகும். ஐரோப்பியப் பிளேஸ்டேஷன் டிஸ்குகள் சிலவற்றில் லிப்கிரிப்ட் என்ற நகல் தடுப்பு உண்டு. அவற்றுக்குக் கூடவே எஸ்பிஐ ஃபைலும் இல்லாவிட்டால் விளையாட்டு நடுவழியில் நின்றுவிடும். டிரீம்காஸ்டின் தனிவகை டிஸ்க்கான ஜிடி-ரோமைக் கணினி டிரைவில் சாதாரணமாகப் படிக்க முடியாது. கேம்கியூப் டிஸ்குகளை, ஒரு வீ கன்சோலில் கிளீன்ரிப் போட்டு எடுக்கலாம்.

அசல் கன்சோலிலேயே விளையாட ஆசை, லேசர் போய்விட்டது என்றால் டிரைவின் இடத்தில் எஸ்டி கார்டு பலகை வைக்கலாம். டிரீம்காஸ்டுக்கு ஜிடிஎமு, பிளேஸ்டேஷனுக்கு எக்ஸ்ஸ்டேஷன். சேட்டர்னுக்கு ரியா, ஃபீபி என்று இரண்டு உண்டு. டிரைவ் கேபிள் 20 பின்னா 21 பின்னா என்று திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, 20 என்றால் ரியாவும் 21 என்றால் ஃபீபியும் வாங்குங்கள். கன்சோலைத் திறக்கவே விருப்பமில்லை என்றால் சேட்டியேட்டர் இருக்கிறது. அது பின்புறம் வீடியோ சிடி அட்டை செருகும் இடத்தில் உட்காரும். ஜிடிஎமு வாங்கும் முன் டிரீம்காஸ்டின் பலகை விஏ1தானா என்று பாருங்கள், விஏ0-வில் ஓடாது. டிரைவைக் கழற்றிய பின் 12 வோல்ட் தடத்தில் சுமை இல்லாமல் போவதால் மின் பலகை கூடுதலாகச் சூடேறும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு மேல் ஓட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடு அதிகம் தெரிந்தால் அந்தத் தடத்தில் சுமை மின்தடை ஒன்றைச் சேர்க்கவோ, மின் பலகையையே மாற்றவோ வேண்டியிருக்கும். கழற்றிய பழைய டிரைவைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் லேசர் போயிருந்தாலும் மோட்டாரும் பற்சக்கரமும் இன்னொரு டிரைவுக்கு உதிரியாக ஆகும்.